அரிக்கமேட்டின் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

புதுச்சேரிக்குச் சற்றுத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு என்ற பழங்காலத் துறைமுக ஊர். 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது கார்பன் காலக்கணிப்பு முறையே வந்திருக்கவில்லை. தென்னிந்தியா முழுக்கப் பழைய பானை ஓடுகள் கிடைத்தன. எது எந்த நூற்றாண்டு என்று சொல்லத்தான் வழியில்லை.

வழி காட்டியவை சில சிவப்புச் சில்லுகள். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பெயரால் 'அரெட்டைன்' எனப்படும் பளபளப்பான தட்டுகளின் துண்டுகள் அவை. சிலவற்றில் குயவர் முத்திரைகூட உண்டு. ஜெர்மனியில் ரோமானியப் படைகள் கொஞ்ச காலமே தங்கிய, காலம் தெரிந்த முகாம்களிலும் இதே வகைத் தட்டுகள் கிடைத்திருந்ததால், இவற்றின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும்: கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய கி.பி. 50 வரை.

சரி, தட்டின் வயது தெரிந்தால் ஊரின் வயது எப்படித் தெரியும்? ஒரு மண்ணடுக்கில் அரெட்டைன் சில்லு கிடக்கிறது என்றால், அந்தத் தட்டு செய்யப்படுவதற்கு முன்னால் அந்த அடுக்கு உருவாகியிருக்க முடியாது. இன்னொரு பக்கம், சாப்பாட்டுத் தட்டு சீக்கிரம் உடையும், உடைந்ததும் குப்பைக்குப் போகும். அதனால் செய்த காலத்துக்கும் மண்ணில் விழுந்த காலத்துக்கும் பெரிய இடைவெளி இருக்காது. தங்கக் காசு அப்படியல்ல, பாட்டி பெட்டியில் வைத்ததைப் பேத்தி எடுத்துச் செலவழிப்பாள். காலம் கணிக்கக் காசைவிடத் தட்டுச் சில்லையே நான் நம்புவேன்.

அப்புறம் வீலர் அடுத்த அடி எடுத்துவைத்தார். அரிக்கமேட்டில் அரெட்டைன் கிடந்த அடுக்குகளிலும் 'ரௌலெட்டட்' என்ற இன்னொரு வகைத் தட்டு ஏராளமாகக் கிடைத்தது. உட்புறத்தில் நுண்ணிய கீறல்கள் வட்டவட்டமாக ஓடும். அரிக்கமேட்டில் அதற்கு ஒரு தேதி கிடைத்துவிட்டதால், கர்நாடகத்தின் பிரம்மகிரியில் அதே ஓடு வெளிப்பட்டபோது அங்குள்ள அடுக்குகளுக்கும் காலம் குறிக்க முடிந்தது. ஐரோப்பாவில் தெரிந்த தேதி, இப்படி ஓட்டுக்கு ஓடு தாவித் தக்காணத்தின் உள்பகுதிவரை போனது.

ஆனால் வீலர் ஒரு இடத்தில் அவசரப்பட்டார். ரோமானிய வணிகத்தை ஒட்டித்தான் இந்த ஊர் துறைமுகமாக வளர்ந்தது என்பது அவர் முடிவு. அரெட்டைன் சில்லு அது கிடக்கும் அடுக்கின் காலத்தைத்தான் சொல்லும், அதற்குக் கீழே எவ்வளவு பழைய குடியிருப்பு இருந்தது என்று சொல்லாது. 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வு, கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே அங்கு மக்கள் வாழ்ந்து கடல் வணிகமும் செய்ததைக் காட்டியது. ரௌலெட்டட் தட்டும் வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல, இந்தியக் களிமண்ணில் இந்தியாவிலேயே செய்ததுதான்.