ஐஸ் மெஷினைக் கழற்றிய பொந்தில் மிச்சம் இருந்தவை

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் படகு ஓட்டும் ஒரு முதலாளி போன பெப்ரவரியில் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, பிரிட்ஜ் ராத்திரி முழுவதும் ஓடுகிறது. விடிந்தால் பற்றரி செத்துக் கிடக்கிறது. உள்ளே வைத்த பாலும் புளித்துவிடுகிறது."

ஹட்டனில் எனக்கு வேலை பெரும்பாலும் கடைகளின் ஐஸ்கிரீம் பெட்டிகளோடும் ஹோட்டல் குளிர் அறைகளோடும்தான். படகு வேலை வருடத்துக்கு இரண்டு மூன்று வந்தால் அதிகம். நோர்வூட் பாதையில் இறங்கி, தேயிலைச் சரிவு வழியாகத் துறைக்குப் போனேன்.

அது முதலில் கடலில் ஓடிய படகு. லொறியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்திருந்தார். கபினில், கை கழுவும் தொட்டிக்குக் கீழே, பலகையோடு சேர்த்துப் பொருத்திய ஐஸ் மெஷின் ஒன்று இருந்ததாம். இங்கே அதற்கு வேலை இல்லை. பனிமூட்டத்தில் நடுங்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் இஞ்சி போட்ட பிளேன்டீதான் கேட்பார்கள். பாலும் மீனும் சோடாவும் வைக்க ஒரு பிரிட்ஜ் போதும் என்று நினைத்தார். சரியான முடிவுதான். ஐஸ் மெஷினைக் கழற்றிய பொந்தில், தன் விடுதி அறை ஒன்றிலிருந்த மினிபாரைத் தூக்கிவந்து தள்ளியிருந்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்திவிட்டது. அந்தப் பொருத்தம்தான் அவரை ஏமாற்றியது.

படகில் ஏறியவுடனே ஏதோ சரியில்லை என்று காலுக்குத் தெரிந்தது. கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைத் தரையில் வைத்தேன். அது உருண்டு போய் இடப்பக்கச் சுவரில் முட்டி நின்றது. கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்தேன். எங்கோ 'கிர்ர்' என்று இரண்டு விநாடி சத்தம். மூன்று நிமிடம் கழித்து மறுபடியும்.

"அது பிரிட்ஜ் சத்தம் அண்ணே. ராத்திரியெல்லாம் இப்படித்தான்" என்றான் படகிலேயே படுக்கும் பையன்.

பிரிட்ஜ் சத்தமாக இருக்க வழியில்லை. விடுதி அறைகளில் வைக்கும் அந்த வகை மினிபாருக்குக் கொம்பிரசரே கிடையாது. பின்னால் ஒரு சிறிய ஹீட்டர் அமோனியாக் கரைசலைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் ஏற்படும் சுழற்சிதான் உள்ளே குளிரைத் தருகிறது. தூங்குகிற விருந்தினருக்குத் தொந்தரவு இருக்கக்கூடாது என்றுதான் அதை அறைகளில் வைக்கிறார்கள். சத்தம் போட்டது தண்ணீர்ப் பம்ப். குழாயில் அழுத்தம் குறைந்தால் தானாக ஓடும், ஏறினால் நிற்கும். யாரும் குழாயைத் திறக்காதபோது அது ஓடினால் எங்கோ ஒழுக்கு.

பலகையைக் கழற்றிப் பார்த்தேன். ஐஸ் மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால் அங்குல பிளாஸ்டிக் குழாயை மடித்து, கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தார்கள். மடிப்பில் வெடிப்பு. சொட்டுச் சொட்டாகக் குடிநீர்த் தாங்கி முழுவதும் படகின் அடிவயிற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் ஒரு பக்கம் தேங்கியதில் படகு சாய்ந்தது. சாய்ந்தால் அமோனியாப் பெட்டிக்குள் திரவம் இறங்கவேண்டிய பாதையில் இறங்காது. குளிரும் வராது, ஹீட்டர் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

பக்கத்திலேயே ஐஸ் மெஷினின் 230 வோல்ட் வயர், வெட்டிய முனையில் கறுப்பு டேப் சுற்றி, ஈரப்பலகையில் கிடந்தது. துறைமேடையிலிருந்து கரண்ட் கொடுத்துவிட்டு டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. துறையில் ட்ரிப் சுவிட்சும் இல்லை. பையன் தினமும் அந்தப் பலகைக்கு முன்னால்தான் பாய் விரிக்கிறான்.

இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்த வயர்தான். ஐஸ் மெஷினை எடுக்கும்போது தண்ணீர்க் குழாயை அதன் பிரிவு தொடங்கும் இடத்திலேயே கழற்றி, மூடி போட்டு முறுக்க வேண்டும். வால்வை மூடியதோடு விடக்கூடாது. வடிகால் ஹோஸ் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். படகின் உடலைத் துளைத்து வெளியே போனால் அந்தத் துளையை அடைக்கும்வரை வேலை முடியவில்லை. வயரைச் சுவிட்ச் பலகை வரைக்கும் உருவி எடுக்க வேண்டும். பழைய மெஷினின் செப்புக் குழாயை வெட்டிக் காஸை வெளியே விடாமல், மீட்டெடுக்கும் கருவி உள்ளவரிடம் கொடுக்க வேண்டும்.

இனி பற்றரிக் கணக்கு. மினிபார் 65 வாட். 12 வோல்ட் பற்றரியிலிருந்து இன்வேர்ட்டர் வழியாக என்றால், அதன் இழப்பும் சேர்த்து ஆறு அம்பியருக்கு மேல், இடைவிடாமல். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் கெடுதல் இல்லாமல் எடுக்கலாம். மாலை ஆறு மணிக்குக் கரைக் கரண்டைக் கழற்றினால் இரவு இரண்டு மணிக்கு அந்தப் பாதி முடிந்துவிடும்.

நான் சொன்னது நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் கொம்பிரசர் பிரிட்ஜ், 50 லீற்றர் அளவில். ஓடும்போது நான்கு அம்பியர் போல இழுத்தாலும் நின்று நின்றுதான் ஓடும். நம் குளிரில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் நாளைக்கு 32 அம்பியர்-மணி. விலையைக் கேட்டு முதலாளி முகம் சுளித்தார். வயர் விலையைச் சொன்னபோது இன்னும் சுளித்தார். பற்றரியிலிருந்து ஐந்து மீற்றர் தூரம். அதற்கு 6 சதுர மில்லிமீற்றர் வயர் வேண்டும். மெல்லிய வயர் போட்டால் கொம்பிரசர் கிளம்பும் நொடியில் வோல்ட் விழும். இந்த வகைக் கொம்பிரசர்களில் பெரும்பாலானவை 10.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் பற்றரியைக் காப்பாற்றத் தாமே நின்றுவிடும். பற்றரி நன்றாக இருக்கும், பிரிட்ஜ் நிற்கும், பழி கொம்பிரசர் மேல் விழும். வயரை 15 அம்பியர் பியூஸோடு நேராகப் பற்றரியிலிருந்து எடுத்தேன். எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் பற்றரியைத் தனியாகப் பிரித்தேன்.

அடுத்தது காற்று. அந்த ஐஸ் மெஷின் மின்விசிறியால் முன்பக்கக் கம்பி வழியாகவே மூச்சுவிடும் வகை. பொந்தின் பின்பக்கம் முழுக்க அடைப்பு. பிரிட்ஜின் சூடு பின்னால் வருகிறது. பலகையில் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு திறப்புகள் வெட்டினேன்.

இது டீசல் படகு. பெற்றோல் படகென்றால், சாதாரண வீட்டு பிரிட்ஜை உள்ளே வைக்கவே நான் சம்மதிப்பதில்லை. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். தெர்மோஸ்டாட்டின் ஒரு பொறி போதும்.

வீட்டு பிரிட்ஜ் பற்றி இன்னொன்று. நம் நாட்டில் விற்பவற்றில் பல 'டி' வகுப்பு, அதாவது 16 முதல் 43 பாகை வரையான சூழலுக்கானவை. நுவரெலியாவில் ஜனவரி இரவு அதற்குப் பல பாகை கீழே இறங்குகிறது. கீழ்த்தட்டு தானாகவே குளிர்ந்திருப்பதால் கொம்பிரசர் ஓடாது. மேலே உறைந்த இறைச்சி இளகும். 'காஸ் குறைந்துவிட்டது' என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் என் தொழிலிலேயே இருக்கிறார்கள்.

கடைசியாக முதலாளி கேட்டார்: "வெள்ளைக்காரர் யாராவது ஐஸ் கேட்டால்?" பிரிட்ஜின் மேல்தட்டில் ஒரு தட்டு ஐஸ் உறையும். தாங்கிக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். பையன் நீர்த்தேக்கத்தைக் காட்டினான். உறைய வைத்தால் கிருமி சாகாது; டைபாய்டும் மஞ்சட்காமாலையும் ஐஸ் வழியாகவும் வரும். கொதித்தாறிய தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து ஊற்றச் சொன்னேன்.

மினிபார் இப்போது மறுபடியும் விடுதி அறையில் இருக்கிறது. சமதரை, சுவர்க் கரண்ட். அங்கே அதன்மேல் ஒரு குறையும் இல்லை.