செத்த ஜெல்லி மீனும் கொட்டும்

போன சனிக்கிழமை மதியம் ஒரு பள்ளிப் பேருந்து எங்கள் மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மீன் காட்சியகம் பார்த்துவிட்டு, நேரம் இருக்கிறதே என்று தெற்குக் கடற்கரையில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். ஒரு சிறுமிக்கு வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்பாகத் தடித்திருந்தது. பாசிமணி கோத்துக் கையில் சுற்றிய மாதிரி, சின்னச் சின்னத் தடிப்பு வரிசையாக. அதன் மேல் ஈர மணல் அப்பியிருந்தது. அவள் சத்தம் போட்டு அழக்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையை உடம்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"செத்துக் கிடந்ததுதான் டாக்டர். நான்தான் எடுத்துப் பாருங்கன்னு சொன்னேன். கொட்டினதும் பாட்டில் தண்ணியை ஊத்தி, மண்ணு போட்டு நல்லாத் தேய்ச்சுவிட்டோம்" என்றார் ஆசிரியர்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளையைத் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு வந்தார், கை நடுங்க நின்றார். ஆனால் இந்தப் பருவத்தில் இதே கதையை நான் கேட்பது நான்காவது தடவை. நான்கிலும் "செத்ததுதான்" என்ற அதே சொல். அதனால்தான் எழுதுகிறேன்.

செத்த தேள் கொட்டாது, சரி. அந்தக் கணக்கை ஜெல்லி மீனுக்குப் போடக் கூடாது. அதற்கு உயிரோடு இருக்கும்போதே மூளை கிடையாது. யாரைக் கொட்டலாம் என்று பார்த்துக் கொட்டுகிற உயிர் இல்லை அது. அதன் விழுதுகளில், கண்ணுக்குத் தெரியாத அளவில், ஆயிரக்கணக்கான நஞ்சுப் பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஊசி போன்ற ஒரு நூல் சுருண்டு கிடக்கிறது. தோல் பட்டால் அது தெறிக்கும், அவ்வளவுதான். எலிப்பொறி வைத்தவன் ஊரைவிட்டே போனாலும் பொறி அடிக்கத்தானே செய்யும்? அப்படித்தான் இதுவும். கரை ஒதுங்கி, வெயிலில் காய்ந்து சருகாகக் கிடக்கிற விழுதுகூட ஈரம் பட்டால் கொட்டும். உடம்பிலிருந்து அறுந்து தனியாக மிதக்கிற துண்டும் கொட்டும். குச்சியால் குத்திப் பார்த்தோம், அசையவில்லை என்பதெல்லாம் ஒரு சோதனையே இல்லை.

அந்தச் சிறுமி எடுத்தது சரியாகச் சொன்னால் ஜெல்லி மீனே அல்ல, அதன் உறவுக்கார உயிர். நீல நிறத்தில், காற்று அடைத்த சின்ன பலூன் மாதிரி இருக்கும். ப்ளூபாட்டில் என்பார்கள். பல உயிர்கள் ஒன்றாகக் கூடி வாழும் கூட்டம் அது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும். தெற்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கரை ஒதுங்கும். பலூன் விரல் நீளம்தான். அதிலிருந்து தொங்கும் நீல நூல் பல மீட்டர் போகும். பிள்ளைகள் கண்ணுக்குப் பலூன்தான் தெரியும், மணலோடு மணலாகக் கிடக்கிற நூல் தெரியாது. இதைவிட அழகான பொருள் அந்தக் கரையில் வேறு இல்லை, எடுக்கத்தான் செய்வார்கள். "தொடாதீர்கள்" என்று பேருந்திலேயே, இறங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். மணலில் கால் வைத்த பிறகு ஐம்பது பிள்ளைகளுக்கு எந்தச் சொல்லும் காதில் ஏறாது.

கொட்டிவிட்டால் என்ன செய்வது? நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். அதுவரை தெறிக்காமல் இருந்த பைகளும் தெறிக்கும். மணல் போட்டுத் தேய்த்தாலும் அதேதான். சிறுநீர் விடுவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் வேண்டாம். கடல் தண்ணீரையே மொண்டு ஊற்றிக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் நூலை இடுக்கியால் எடுங்கள், வெறும் விரலால் அல்ல. அப்புறம் சுடுதண்ணீர். 45 டிகிரி, இருபது நிமிடம். வெப்பமானியைத் தேட வேண்டாம். கொட்டுப்படாத பெரியவர் ஒருவர் தன் கையை அதில் வைத்துப் பார்த்து, பொறுக்கும் சூடு என்றால் சரி. வலியில் இருக்கும் பிள்ளைக்குச் சூடு தெரியாது. கொதிக்கிற தண்ணீரில் காலை வைத்து வெந்துபோன கேஸும் பார்த்திருக்கிறேன். கடற்கரைச் சாலையில் டீக்கடை இல்லாத இடம் ஏது? கேட்டால் பாய்லரிலிருந்து ஒரு வாளி தருவார்கள். இல்லையென்றால் ஒரு பிளாஸ்க்கில் கொண்டுபோங்கள்.

வினிகர் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெட்டி ஜெல்லி மீன் என்ற இன்னொரு வகை கொட்டினால் நல்லது, ப்ளூபாட்டிலுக்கு வேண்டாம் என்பது ஆஸ்திரேலிய வழிகாட்டுதல். கரையில் நின்று இன்ன உயிர் என்று கண்டுபிடிக்கும் வேலை ஆசிரியருக்கு வேண்டாம். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், வாந்தி எடுத்தால், தலை சுற்றினால் சுடுதண்ணீருக்கும் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, காலணி. புது ஷூ உப்புத்தண்ணீரில் கெட்டுவிடும் என்று பேருந்திலேயே கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். திருக்கை மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும், மிதித்தால் வாலைச் சுழற்றி முள்ளால் அடிக்கும். இங்கே மீனவர்கள் ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்க மாட்டார்கள், தரையோடு தேய்த்துத்தான் நடப்பார்கள். அந்த அதிர்வுக்குத் திருக்கை விலகிப் போய்விடும். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள், விளையாட்டாகவே செய்வார்கள். திருக்கை முள் குத்தினாலும் முதலுதவி அதே சுடுதண்ணீர்தான், பிறகு கட்டாயம் மருத்துவமனை. முள் வயிற்றிலோ நெஞ்சிலோ ஏறியிருந்தால் பிடுங்கவே கூடாது.

கூம்பு வடிவில் கோலம் போட்ட மாதிரி இருக்கும் சங்கைச் சட்டைப் பையில் போட விடாதீர்கள். உள்ளே நத்தை உயிரோடு இருந்தால் ஈட்டி மாதிரி குத்தும். அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. பவளத் துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை எதையும் எடுக்கக் கூடாது என்பதற்குச் சட்டமே இருக்கிறது. பார்க்கத்தானே வந்தோம், பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

பாக் நீரிணைப் பக்கத்தை எங்கள் ஊரில் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். பெண் கடல் அமைதியானது என்று நம்பிப் பிள்ளைகளை இறக்குகிறார்கள். வாடைக்காற்று மாதங்களில் அது அமைதி இல்லை. எந்தக் கடலில் இறங்குவது என்று அன்று காலை வலை இழுத்து வந்த ஒருவரிடம் கேளுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.

அந்தச் சிறுமியின் கையில் அப்பியிருந்த மூக்குப்பொடி நிற மணலைக் கடல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பேசினில் சுடுதண்ணீர் வைத்து முக்கினோம். பத்து நிமிடத்தில் பல்லைக் கடிப்பதை விட்டாள். இருபதாவது நிமிடம், "டாக்டர், அதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டாள். செல்போனில் படம் எடுத்துக் காட்டினேன். ஆசிரியரும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். பெயரைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.