நேவேரியா எச்சரிக்கை: கடலை ‘மூட’ முடியுமா?

‘கடற்படைப் பயிற்சிக்காகக் கடல் மூடல்’ என்று செய்தி வந்துவிட்டால் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர்ப் பக்கமெல்லாம் அன்றைக்கு அதே பேச்சுதான். தமிழ்நாட்டின் கடைசிக் கடற்கரை ஊர் நீரோடி. தாண்டினால் கேரளத்தின் பொழியூர். இந்த ஊர்க்காரர்களின் போட்டுகள் கொச்சியிலிருந்து கிளம்பி லட்சத்தீவுக்கும் அப்பால் வாரக்கணக்கில் தங்கித் தூண்டில் போடுபவை. எங்கே போடலாம், எங்கே கூடாது என்பதை முடிவுசெய்கிற சொல் துல்லியமாக இருக்க வேண்டும். ‘மூடல்’ அப்படிப்பட்ட சொல் அல்ல.

கடலில் போவோருக்கு எச்சரிக்கை விடுவதற்காக உலகக் கடல்களை 21 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். இந்தப் பகுதிக்குப் பெயர்தான் நேவேரியா. நேவிகேஷன், ஏரியா இரண்டும் ஒட்டிய கூட்டுச்சொல். எட்டாவது பகுதி இந்தியாவின் பொறுப்பு. டேராடூனில் கடற்படையின் கீழ் இயங்கும் தேசிய நீர்வரைவியல் அலுவலகம் அதற்கான எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. பீரங்கிப் பயிற்சி, ராக்கெட்டின் பாகம் விழும் இடம், அணைந்துபோன கலங்கரை விளக்கு, மிதக்கும் கண்டெய்னர் எல்லாம் அதில் வரும். பத்திரிகைகள் இதோடு போட்டுக் குழப்பும் ‘நோட்டம்’ (NOTAM) என்ற அறிவிப்பு விமானிகளுக்கானது.

ஓர் எச்சரிக்கையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நான்கு மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். நேரம் ‘0330 முதல் 0730 வரை, யுடிசி’ என்றிருக்கும். யுடிசி என்பது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நமக்குக் காலை 9 முதல் பகல் 1 மணி. கூட்டாமல் படிப்பவர் சோதனை முடிந்துவிட்டது என்று நம்பி, சரியாக அது நடக்கும் நேரத்தில் உள்ளே போய்விடுவார். கடைசி வரியில் ‘விலகிச் செல்லுமாறு கோரப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு தொடர் வரும்.

கோரப்படுகிறது, ஆணையிடப்படவில்லை. இந்த வேறுபாடு சட்டத்திலேயே உள்ளது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர், நாட்டின் ஆட்சிக்கடல். அங்கே அயல்நாட்டுக் கப்பல்கள் தீங்கின்றிக் கடந்துபோகும் உரிமையைப் பாதுகாப்புக்காகத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். ஆனால் முறையாக அறிவித்த பிறகே. ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின் 25-ஆம் பிரிவும், இந்தியாவின் 1976-ஆம் ஆண்டுச் சட்டமும் இதைச் சொல்கின்றன. அதற்கு வெளியே, பயிற்சி நடக்கிறது என்பதற்காகக் கப்பல் போக்குவரத்தை மூட எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை. ‘இங்கே அபாயம்’ என்று சொல்லலாம், அவ்வளவுதான். நம் படகுகளைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீன்துறை தடுத்தால் அது தனி ஆணை.

சொல்லின் வேருக்கு வருவோம். லத்தீனில் ‘நாவிஸ்’ கப்பல், ‘அகெரே’ செலுத்துதல். இரண்டும் சேர்ந்து பிறந்ததே நேவிகேஷன். ‘நாவாய் ஓட்டி’ என்று புறநானூற்றின் 66-ஆம் பாட்டு சொல்வதும் அதே அமைப்புத்தான். 126-ஆம் பாட்டு இன்னும் நெருக்கமானது: ‘சினமிகு தானை வானவன் குடகடல் பொலந்தரு நாவாய் ஓட்டிய அவ்வழிப் பிறகலஞ் செல்கலாது’. பொன்னைக் கொண்டுவரும் சேரனின் நாவாய் ஓடிய வழியில் வேறு கலம் போக முடியாது. அந்தக் குடகடல் நம் போட்டுகள் ஓடும் இதே மேலைக்கடல். உண்மையான ‘கடல் மூடல்’ என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

‘எச்சரிக்கை’ கன்னடம், தெலுங்கு இரண்டிலும் வழங்கும் சொல். கன்னடத்தில் ‘எச்சர’ என்றால் விழிப்பு. மலையாளத்தில் இதையே ‘முன்னறியிப்பு’ என்கிறார்கள். எல்லையோரத்தில் அந்தச் சொல்லும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். தமிழில் ‘முன்னறிவிப்பு’ வானிலைக்குப் பழகிவிட்டதால், நேவிகேஷனல் வார்னிங்குக்குக் ‘கடல்வழி எச்சரிக்கை’ என்பதே பொருந்தும். ‘கப்பல்வழி’ என்றால் போட்டுக்காரர் தமக்கில்லை என்று விட்டுவிடுவார். கட்டங்கட்டிக் குறிக்கும் இடத்தை ‘அபாயப் பரப்பு’ எனலாம். 12 மைலுக்குள் ஆணை போட்டால் மட்டும் ‘கடல்வழித் தடை’.

போட்டுக்காரருக்குத்தான் இது அதிகம் தேவை. 2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியபோது 640 கண்டெய்னர்கள் அதில் இருந்தன. மூழ்கிய இடத்தைச் சுற்றி 20 கடல் மைலுக்குள் மீன்பிடிக்க வேண்டாம் என்றார்கள். பெரிய கப்பல்களுக்கு இத்தகைய எச்சரிக்கைகளை 518 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் நேவ்டெக்ஸ் கருவி அச்சடித்தே கொடுத்துவிடும். அதை ஒலிபரப்பும் இந்திய நிலையங்களுள் ஒன்று குமரி மாவட்டத்து முட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் வருவது ஆங்கிலத்தில். கருவி கட்டாயம் என்பதும் பெரிய கப்பல்களுக்குத்தான். 2017-இல் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் இருந்த எத்தனையோ போட்டுகளுக்குப் புயல் எச்சரிக்கை எட்டவே இல்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் படகுகளுக்கே செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. 2019-இல் வந்த ஜெமினி அவற்றுள் ஒன்று.

வயர்லெஸ்ஸில் இதைத் தமிழில் சொல்ல அதிக நேரம் ஆகாது: “கடல்வழி எச்சரிக்கை. நாளைக்குக் காலை ஒன்பதிலிருந்து பகல் ஒரு மணி வரைக்கும், நம்ம நேரம். அபாயப் பரப்போட நாலு மூலையும் சொல்றேன், ஜிபிஎஸ்ல போட்டுக்கோங்க.”