பத்தாவது நாள் வரைபடமும் அவசரத் தீர்ப்பும்

கொரோனா காலத்தில் நோய்க் கண்காணிப்புப் பிரிவில் இருந்தவன் நான். அன்றாட கொரோனா இறப்பைக் காட்டும் அந்தப் பழைய வரைபடத்தை இந்த வாரமும் ஒருவர் என் முன் நீட்டினார். "கட்டுப்பாடு போட்டு பத்து நாள் ஆகியும் சாவு ஏறிக்கிட்டேதான் இருந்திருக்கு, பாருங்க டாக்டர். அத்தனையும் வீண்." இதைச் சொல்லாத ஆளே இல்லை என்றாகிவிட்டது.

சரி, இன்னொரு முறை சொல்கிறேன். 2020-இல் பரவிய வைரஸ் தொற்றியவருக்கு அறிகுறி தெரியவே சராசரியாக 5 நாள் ஆனது. பரிசோதனை, முடிவு என்று மேலும் சில நாள். இறந்தவர்களில் பலர் தொற்றி மூன்று வாரம் கழித்தே இறந்தார்கள். அந்த இறப்பு பதிவாகிப் பட்டியலுக்கு வர இன்னும் தாமதம். ஆக, பத்தாம் நாள் பட்டியலில் இருந்தவர்கள் அநேகமாக எல்லோருமே கட்டுப்பாட்டுக்கு முன்பே தொற்று வாங்கியவர்கள். நீங்கள் திட்டுவது பத்து நாள் முந்தைய முடிவை அல்ல, அதற்கும் முன்னால் தாமதித்த நாட்களை. ஞாயிறன்று எண்ணிக்கை இறங்கினால் மகிழவும் வேண்டாம். அன்று பதிவு மந்தம். நாங்கள் ஏழு நாள் சராசரியைத்தான் பார்ப்போம்.

நாடுகளை ஒப்பிடுவது அடுத்த தொல்லை. ஒவ்வொரு நாடும் இறப்பை ஒவ்வொரு விதமாக எண்ணியது. 2021-இல் பெரு தன் கணக்கைத் திருத்தியபோது இறப்பு சுமார் 69,000-இலிருந்து 1,80,000-ஐத் தாண்டியது. பெல்ஜியமோ முதியோர் இல்லங்களில் சந்தேகத்துக்குரிய இறப்புகளையும் முதல் அலையிலேயே சேர்த்து எண்ணியது. பட்டியலின் உச்சியில் நின்று ஏச்சு வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 2020, 2021 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து உலகம் அறிவித்த இறப்பு சுமார் 54 லட்சம். உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்ட கூடுதல் இறப்பு, அதாவது வழக்கமாக எதிர்பார்க்கும் இறப்பைவிட அதிகமாக நடந்தது, சுமார் 1.49 கோடி.

அதற்காக அரசை விட்டுவிடச் சொல்லவில்லை. அன்றன்றே கேட்க வேண்டியவை உண்டு. பரிசோதித்த நூறு பேரில் எத்தனை பேருக்குத் தொற்று? அந்த விகிதம் ஏறினால், பரவலுக்கு ஈடாகப் பரிசோதனை நடக்கவில்லை என்றே பொருள். செவிலியர்களுக்கு முகக்கவசம் வந்ததா? தரவை மறைக்காமல் வெளியிடுகிறார்களா? நேற்றைய முடிவு தவறென்று தெரிந்தால் ஒப்புக்கொண்டு மாற்றுகிறார்களா? இவற்றுக்குப் பதில் கிடைக்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். உங்கள் கட்சி ஆட்சி என்றாலும் கேளுங்கள்.

தயவுசெய்து, அடுத்த முறை ஒரு வரைபடத்தை யாருக்காவது அனுப்பும் முன் அதன் அடியில் உள்ள தேதியைப் பாருங்கள். அங்கிருந்து மூன்று வாரம் பின்னால் எண்ணி, அன்று என்ன தெரிந்திருந்தது, என்ன செய்தார்கள் என்று தேடுங்கள்.