பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள்

போன வாரம் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் மீன் கடைக்கு ஓர் அக்கா வந்தார். பிளாஸ்டிக் பையில் ஒரு லோஹான் (ஃபிளவர்ஹார்ன்) மீன் குஞ்சு. வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு மேலேயே நின்றது. நான் போனில் சொன்னபடி, தொட்டித் தண்ணீரையும் தனியாக ஒரு போத்தலில் பிடித்து வந்திருந்தார்.

"மூணு செத்துப் போச்சு தம்பி. என்ன மருந்து போடணும்?"

மருந்தை எடுக்கவில்லை. போத்தல் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து அம்மோனியா சொட்டுகளை விட்டேன். மஞ்சளாகவே நிற்க வேண்டியது, ஐந்து நிமிடத்தில் கரும்பச்சை.

"தொட்டியைக் கழுவினீங்களா?"

"ஆமா, ஒரே அழுக்கு. ஃபில்டர் பஞ்சைக்கூடக் குழாயைத் திறந்துவிட்டு வெள்ளையாகிற வரைக்கும் கசக்கினேன்."

அந்த அழுக்கில்தான் விஷயமே. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். பஞ்சில் படிந்த பழுப்புக் கொழகொழப்பில் வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம். வேறு வகை பாக்டீரியா அதை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. பஞ்சை அதில் கசக்கினால் இந்தக் கூட்டம் மொத்தமும் போச்சு. புதிதாக வளர 4 முதல் 6 வாரம் ஆகலாம். பெரிய மீன் ஓரளவு தாங்கும், குஞ்சு தாங்காது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் வகை மீன் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அவற்றுக்கு பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 8-ஐ ஒட்டிய தண்ணீர் தேவை, பிஎச் ஏற ஏற அதே அளவு அம்மோனியாவின் விஷமும் ஏறும்.

பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு அதில் இரண்டு மூன்று தடவை பிழியுங்கள், போதும். பழுப்பாகவே இருக்கட்டும். தண்ணீரைக் கால்வாசிக்கு மேல் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் கலந்த பிறகே ஊற்றுங்கள்.

தீனி விஷயத்தில் எல்லாருக்கும் கை தாராளம். குஞ்சுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, ஒவ்வொரு வேளையும் சிட்டிகை அளவு. ஓரிரு நிமிடத்தில் தின்னாமல் விட்டதை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அது அழுகினாலும் அம்மோனியாதான்.

நம் ஊர்ச் சூட்டுக்குப் பெரும்பாலும் ஹீட்டர் வேண்டாம். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. சத்தம் தாங்கவில்லை என்று ராத்திரியில் ஏர் பம்பை அடைக்கிறவர்களை என்ன சொல்ல!

வெள்ளை நூல் போலக் கழிவு வந்தால் குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். சாப்பிடாத மீனுக்கும் அப்படி வரும். கண்ட மருந்தையும் ஊற்றுவதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள்.

அந்த அக்காவிடம், என் தொட்டியில் ஊறிய பழைய பஞ்சு ஒன்றைக் கொடுத்து, தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றச் சொன்னேன். நேற்று மறுபடி போத்தலோடு வந்தார். இளம்பச்சைக்கு இறங்கியிருந்தது. குஞ்சு தீனி எடுக்க ஆரம்பித்துவிட்டதாம்.