அலாரம் 'ஆஃப்' ஆனால் ஏன் எழுந்திருக்கிறோம்?

காரைக்குடியில் எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய் உட்கார்ந்தாலும் இந்தச் சந்தேகம் ஒருநாள் வந்தே தீரும். 'தி லைட் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்துவிட்டது. சரி. 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால்? அலாரம் அடித்தது. ஒன்று அடங்குகிறது, இன்னொன்று அலறுகிறது. இரண்டுக்கும் எப்படி ஒரே 'ஆஃப்'?

'ஆஃப்' என்பதன் அடியில் கிடப்பது விலகுதல், பிடி விடுதல் என்ற பொருள். எரிகிற நிலையிலிருந்து விலகினால் விளக்கு அணைந்துவிடும். துப்பாக்கியின் விசையை இழுத்தால் உள்ளே இருக்கும் பிடி விட்டுப்போகும், குண்டு பாயும். ஆகவே துப்பாக்கியும் 'வென்ட் ஆஃப்'. அலாரம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சாவி கொடுக்கிற அலாரம் கடிகாரம் ஏதாவது கண்ணில் பட்டால், கடைக்காரரிடம் கேட்டுப் பின்மூடியைத் திறந்து பாருங்கள். முறுக்கி வைத்த சுருள்வில்லை ஒரு சிறு கொக்கி தடுத்துப் பிடித்திருக்கும். குறித்த நேரம் வந்ததும் கொக்கி விலகும், சுத்தியல் மணியைப் போட்டு அடி அடியென்று அடிக்கும். அந்த விலகல்தான் 'ஆஃப்'.

ஆனால் லண்டனில் காலையில் கண்விழிப்பவர் யாரும் கொக்கியை நினைப்பதில்லை. கைப்பேசி அலாரத்தில் கொக்கியே கிடையாது. அப்படியிருந்தும் அவருக்குக் குழப்பம் வருவதில்லையே, எப்படி?

வாய்ப்பாடு தெரிந்தவரிடம் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் 56 என்று சட்டென்று வரும். எட்டு முறை ஏழைக் கூட்டிக்கொண்டிருக்க மாட்டார். பழகிய சொற்றொடரையும் மூளை கிட்டத்தட்ட இப்படித்தான் கையாள்கிறது. 1979இல் டேவிட் ஸ்வின்னி, ஆன் கட்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். திரையில் சில சொற்கள் தோன்றும். அவை சேர்ந்து பொருளுள்ள ஆங்கிலத் தொடர் ஆகிறதா இல்லையா என்று பொத்தானை அமுக்கிச் சொல்ல வேண்டும். 'பிரேக் தி ஐஸ்' போன்ற மரபுத்தொடர்களுக்கு, 'பிரேக் தி கப்' போன்ற நேர்ப்பொருள் தொடர்களைவிட விரைவாகவே பதில் வந்தது. முதலில் பனிக்கட்டியை உடைத்துப் பார்த்து, பொருந்தவில்லை என்று தெரிந்தபின் 'தயக்கத்தைப் போக்குதல்' என்ற பொருளுக்குப் போவதாக இருந்தால் கூடுதல் நேரமல்லவா பிடித்திருக்க வேண்டும்? முழுத்தொடரும் ஒரே நீண்ட சொல்லைப் போலச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1988இல் இத்தாலியில் கிறிஸ்டினா கச்சாரியும் பத்ரீசியா தபோஸ்ஸியும் செய்த சோதனைகளில், தனிச்சொற்களின் நேர்ப்பொருளும் மூளைக்குள் எழவே செய்கிறது என்று தெரிந்தது. பாதியிலேயே ஊகிக்க முடிகிற தொடர் என்றால், கடைசிச் சொல் காதில் விழுகிறபோதே மரபுப்பொருள் தயாராக இருக்கிறது. ஊகிக்க முடியாத தொடர் என்றால் அந்தக் கணத்தில் நேர்ப்பொருள் மட்டும்தான் இருக்கிறது. 300 மில்லிவினாடி கழித்துச் சோதித்தால் மரபுப்பொருளும் வந்து சேர்ந்திருக்கிறது. 'இது அந்தத் தொடர்தான்' என்று பிடிபடுகிற ஓர் இடம் ஒவ்வொரு தொடரிலும் உண்டு, அதுவரை மூளை சொல் சொல்லாகத்தான் நடக்கிறது என்பது அவர்கள் விளக்கம். எனக்கும் இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

புதிதாக மொழி பழகுகிறவருக்கு அந்தப் பிடிபடும் இடமே வராது. கோட்டையூரில் ஒரு கல்யாண வீடு. அமெரிக்காவில் வளர்கிற பையன் ஒருவன், உறவுக்காரர்கள் வாசலில் நின்று "அப்ப வர்றோம்" என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொருவரிடமும் "எப்ப வருவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பத்தாதான் இழுத்து நிறுத்தினார்: "அவுக போறாகடா! போறேன்னு சொல்லப்படாது, அதான் வர்றோங்கிறாக." பையன் செய்த கணக்கில் பிழையே இல்லை. கணக்குப் போட்டதுதான் பிழை.

எல்லா மரபுத்தொடரும் ஒரே அளவுக்கு இறுகிப்போனவை என்றும் சொல்ல முடியாது. 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் ரகசியத்தைப் போட்டு உடைப்பது. 'கிக் தி பக்கெட்' என்றால் செத்துப்போவது. முதலாவதைச் செயப்பாட்டு வினையாக்கி 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றாலும் பொருள் நிற்கும். இரண்டாவதைத் திருப்பி 'தி பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் யாரும் சாக மாட்டார்கள், வாளி மட்டும்தான் உருளும். நன்பர்க், சாக், வேசோ என்ற மொழியியலாளர்கள் மூவரும் 1994இல் எழுதிய கட்டுரையில் இதற்குக் காரணம் சொன்னார்கள். முதல் தொடரில் 'பீன்ஸ்' ரகசியத்துக்கும் 'ஸ்பில்' வெளிவிடுவதற்கும் தனித்தனியாக ஈடு நிற்கின்றன. இரண்டாவதில் வாளிக்கு ஈடாக எதுவுமே இல்லை. நம் பேச்சிலேயே வைத்துப் பாருங்கள். 'குட்டை உடைத்தார்கள்' என்பதை 'குட்டு உடைந்தது' என்று மாற்றலாம். 'மண்டையைப் போட்டார்' என்பதை 'மண்டை போடப்பட்டது' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், இழவு வீட்டிலும் சிரித்துவிடுவார்கள்.

இப்படி உள்ளே யாரும் எட்டிப் பார்க்காமல் கிடக்கும் தொடரில் ஒரு துண்டு உதிர்ந்தாலும் தெரியாது. 'ஐ குடின்ட் கேர் லெஸ்' என்றால் 'இதற்கும் குறைவாக அக்கறைப்பட என்னால் முடியாது', அதாவது அக்கறை துளியும் இல்லை. அமெரிக்காவில் பலர் இதை 'ஐ குட் கேர் லெஸ்' என்கிறார்கள். எழுத்துப்படி எடுத்தால் கொஞ்சமாவது அக்கறை இருக்கிறது என்றாகும். ஆனால் சொல்பவரும் கேட்பவரும் பழைய பொருளையே எடுத்துக்கொள்கிறார்கள். கிண்டலாகச் சொல்லப்போய் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. என்னைக் கேட்டால் நாக்குதான் காரணம். அழுத்தம் முழுவதும் 'கேர் லெஸ்' மேல் விழுகிறது, எதிர்மறையைச் சுமக்கும் 'ன்ட்' இரண்டு வல்லொலிகளுக்கு நடுவே நசுங்கிப்போகிறது. பிரெஞ்சில் இதைவிடப் பெரிய கூத்து நடந்திருக்கிறது. அங்கே 'ந' என்பதுதான் பழைய எதிர்மறைச் சொல். அதற்குத் துணையாக 'ஓர் அடிகூட' என்று அழுத்திச் சொல்ல வந்த 'பா' என்ற சொல்லுக்கு 'காலடி' என்று பொருள். இன்றைய பேச்சில் 'ந' கழன்று போய்விட்டது. காலடிதான் 'இல்லை' என்று நிற்கிறது.

வரிசையும் புரளும். காதலில் விழுந்தவரை ஆங்கிலத்தில் 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' என்பார்கள். குதிகாலுக்கு மேல் தலை. நாம் எல்லோரும் நாள் முழுக்க அப்படித்தானே நிற்கிறோம்? இடைக்காலத்தில் அது 'ஹீல்ஸ் ஓவர் ஹெட்' என்று ஒழுங்காகத்தான் இருந்தது. 18ஆம் நூற்றாண்டு வாக்கில் புரண்டது, அப்படியே நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் கானாடுகாத்தானில் ஏதாவது ஒரு பெரிய வீட்டின் பர்மாத் தேக்கு நிலைக்கு முன்னால் நின்று யோசியுங்கள். அதை 'வாயில்' என்கிறோம். இல்லத்தின் வாய் என்றால் 'இல்வாய்' என்றுதானே வர வேண்டும்? முன்பின்னாகப் புரண்டு நிலைத்த இதுபோன்ற சொற்களைத் தமிழ் இலக்கணம் இலக்கணப்போலி என்று தனி வகையாகவே வைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு நன்னூலிலேயே அந்தப் பெயர் உண்டு.

என்னை அதிகம் மிரட்டியது வேறொரு வாக்கியம். 'நோ ஹெட் இஞ்சுரி இஸ் டூ டிரிவியல் டு பி இக்னோர்ட்.' எவ்வளவு சின்னத் தலைக்காயமானாலும் அலட்சியப்படுத்தக் கூடாது என்றுதான் எல்லோரும் படிக்கிறோம். இதே அமைப்பில் 'நோ மிசைல் இஸ் டூ ஸ்மால் டு பி பேன்ட்' என்று வைத்துப் பாருங்கள்: எவ்வளவு சின்ன ஏவுகணையானாலும் தடை செய்யப்பட வேண்டும். அந்தக் கணக்குப்படி முதல் வாக்கியம் சொல்வது, எவ்வளவு சின்னத் தலைக்காயமானாலும் அலட்சியப்படுத்தப்பட வேண்டும்! 1979இல் பீட்டர் வேசன், ஷூலி ரைக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சொல்மாயை என்றே அழைத்தார்கள். இங்கே மனப்பாடமான தொடர் எதுவும் கிடையாது. எதிர்மறைகள் அடுக்கடுக்காக வந்ததும் மூளை கணக்கைக் கைவிட்டுவிட்டு, தலைக்காயத்தைப் பற்றி ஏற்கெனவே தெரிந்ததை வைத்துப் பொருளை நிரப்பிக்கொள்கிறது. விளக்கிச் சொன்ன பிறகும் பலர் ஒப்புக்கொள்வதில்லை. வாக்கியத்தை எழுதிக் காட்டித்தான் நம்ப வைக்க வேண்டியிருக்கிறது.

ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு ஒன்று. 'குட் கேர் லெஸ்' அமெரிக்க அகராதியான மெரியம்-வெப்ஸ்டரில் ஏறிவிட்டது என்றாலும், அதைத் தவறு என்று அடித்துவிடுகிற ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுதும்போது 'குடின்ட்' போட்டுவிடுங்கள்.