நிற மாயையா, நிற இடைவினையா?

ஜோசப் அல்பேர்ஸ் என்ற ஓவியரைப் பற்றித் தமிழில் யார் கதைக்கத் தொடங்கினாலும், மூன்றாவது வசனத்துக்குள் ‘நிற மாயை’ வந்து குந்திவிடுகிறது. அண்மையில் யாழ்ப்பாணத்தில் ஒரு கண்காட்சிக் குறிப்பிலும் அதேதான். 1963இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நூலின் பெயரையே ‘நிறங்களின் மாயை’ என்று போட்டிருந்தார்கள். மூலத் தலைப்பு ‘Interaction of Color’. அதில் மாயையும் இல்லை, மந்திரமும் இல்லை. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று செய்கிற வேலை என்பதுதான் அதன் பொருள்.

சொல் வரலாறு சின்னதுதான். ‘interaction’ என்ற ஆங்கிலச் சொல்லில் உள்ள இரண்டு துண்டும் இலத்தீன்: ‘இடையே’, ‘செய்தல்’. தமிழில் இடை, வினை. எங்கள் பாடநூல்களில் ஏற்கெனவே புழங்கும் ‘இடைவினை’ அப்படியே பொருந்துகிறது. நிறம் பழஞ்சொல், தொல்காப்பிய உரியியல் ‘குரு’, ‘கெழு’ என்பவற்றுக்குப் பொருள் சொல்லவே அதைத்தான் எடுக்கிறது. வண்ணம் என்றாலும் குடி முழுகாது. ஆனால் அதற்குச் செய்யுளில் சந்தம் என்ற வேறு வேலை இருப்பதால் நான் நிறத்தோடு நிற்கிறேன்.

சரி, மாயைக்கு வருவோம். நான்கு தெருவுக்கு ஒரு சிவன் கோயிலும், கோயிலுக்கு ஒரு புராண படனமும் இருக்கிற ஊரில் இந்தச் சொல்லை ‘பொய்த்தோற்றம்’ என்று எழுத எப்படித்தான் மனம் வருகிறதோ! சைவ சித்தாந்தத்தில் மாயை பொய் அல்ல, உள்பொருள். ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலத்தில் ஒன்று. உடம்பும் கருவிகளும் உலகமும் நுகர்பொருள்களும் அதிலிருந்தே தோன்றுகின்றன. அதாவது பெயின்ற்றும் மாயையின் காரியம், பார்க்கிற கண்ணும் மாயையின் காரியம். அப்படியானால் ‘நிற மாயை’ என்பவர் எதைத்தான் பிரித்துச் சொல்கிறார்? பொய்த்தோற்றம் என்ற பொருள் வேதாந்தப் பக்கத்தால் வந்தது. அங்கே போய்க் கடன் வாங்கத் தேவையில்லை. ஒன்றை மற்றொன்றாகக் காண்பதற்கு நம் அளவை (தருக்க) நூல்களில் ‘திரிவு’ என்ற சொல் இருக்கிறது. பிறழக் கண்டால் திரிவுக்காட்சி.

ஆனால் அல்பேர்ஸ் காட்டியது திரிவு என்றுகூடச் சொல்லிவிட முடியாது. ஒரே சாம்பல்நிறக் கடதாசியில் இரண்டு சிறு துண்டு வெட்டுங்கள். ஒன்றைச் சிவப்புப் பிறிஸ்ரல் போட்டிலும் மற்றதைப் பச்சையிலும் வையுங்கள். சிவப்பில் இருப்பது இலேசாகப் பச்சை தட்டும், பச்சையில் இருப்பது இளஞ்சிவப்பாகும். இரண்டும் ஒரே தாளில் வெட்டியவை என்று தெரிந்த பிறகும் கண் விட்டுக்கொடுக்காது. கயிறென்று தெரிந்தால் பாம்பு போய்விடும், இது போகாது. கைவசம் உள்ள உண்மை ஒன்று, கண்முன் நடக்கிற உண்மை இன்னொன்று என்று அவர் இரண்டையும் உண்மையென்றே வகுத்தார். ‘நிறம் ஓயாமல் ஏமாற்றுகிறது’ என்ற கருத்தில் அவரே எழுதியிருக்கிறார் என்று மாயைக்காரர் மல்லுக்கு வருவார்கள். எழுதினார்தான். ஆனால் அதைத் தலைப்பாக வைக்கவில்லையே!

‘நிறத்தாக்கம்’ என்று இன்னொரு கட்சி. அது இன்னும் மோசம். இலங்கையில் விஞ்ஞானம் படித்த பிள்ளைக்குத் தாக்கம் என்றால் இரசாயனத் தாக்கமும் சோதனைக்குழாயும்தான் நினைவில் வரும். இரண்டு பெயின்ற்றும் கலந்து ஏதோ ஆகிவிட்டது என்றே விளங்கிக்கொள்ளும். இந்தக் குழப்பத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே ஓர் இரசாயனவியலாளர் தீர்த்துவிட்டார். பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பகுதியைப் பார்த்த செவ்ரோலிடம், கறுப்பு நூல் சோர்ந்து தெரிகிறது என்று முறையிட்டார்கள். வேறு இடத்துக் கறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் பிழையே இல்லை, பக்கத்து நிறம்தான் காரணம். 1839இல் அதை நூலாகவே எழுதினார்.

அல்பேர்ஸ் 1888இல் ஜேர்மனியின் பொட்ரொப்பில் பிறந்தவர். பௌஹவுஸ் என்ற ஜேர்மன் கலைப்பள்ளியில் படித்து அங்கேயே கற்பித்தார். 1933இல் அது மூடப்பட, மனைவி அன்னியோடு அமெரிக்கா போனார். பிளாக் மவுண்டன் கல்லூரி, பிறகு யேல். வகுப்பில் பெயின்ற்றைவிட நிறக் கடதாசியையே விரும்பினார். சதுரத்துக்குள் சதுரமாக வரைந்த தன் ஓவியங்களிலோ குழாயிலிருந்து வந்த நிறத்தைக் கலக்காமல், கத்தியால் பலகையில் பூசினார். நடுச் சதுரத்தில் தொடங்கி வெளியே வருவார். கதவுக்குப் பெயின்ற் அடிக்கும்போது நடுவில் தொடங்கு என்று, வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிற தகப்பன் சொல்லிக்கொடுத்ததாம். எந்த நிறம், எந்தக் கம்பனி என்று பலகையின் பின்பக்கம் குறித்தும் வைப்பார். இவ்வளவு கணக்காய் வேலை செய்த மனிசன் தலையில் மாயாஜாலத்தைக் கட்டுகிறார்கள்.

அந்தச் சதுரத் தொடரை 1950இல் தொடங்கி 1976இல் இறக்கும்வரை வரைந்தார். ஆங்கிலத்தில் அது ‘Homage to the Square’. கண்காட்சிக் குறிப்பில் அதன் பெயர் ‘சதுரத்துக்கு அஞ்சலி’! எங்கள் மதில்களிலும் பத்திரிகைகளிலும் அஞ்சலி என்றால் கண்ணீர் அஞ்சலிதான். முப்பத்தோராம் நாள் எப்போது என்று கேட்கத் தோன்றுகிறது. ‘சதுரப் போற்றி’ என்று போட்டிருக்கலாம். தேவாரம் பாடுகிற ஊருக்குப் போற்றி தெரியாதா?